உன் கட்டிலில் குண்டான் தூங்குகிறது

அன்புள்ள மிளகுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். வேலைக்குப் போன ஊரில் நீயும் சௌக்கியம் என்று போனில் சொல்கிறாய், ஆனால் அது ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் சொல்கிற சௌக்கியம் மாதிரி காதில் விழுவதால் எழுத்தில் ஒரு தடவை கேட்டு வைக்கிறேன், நன்றாக இருக்கிறாயா. போன் இருக்கும்போது அப்பாவுக்கு இதென்ன கடிதக் கிறுக்கு என்று நீ நினைப்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்து ருசியாகக் கொண்டுபோகும் சமயத்தில்தான் அம்மாவுக்கு உன்னிடம் அவசரமாகக் கேட்க ஏதாவது வந்துவிடுகிறது. அவள் விட்டாலும் நீ விடுவதில்லை, வச்சிடட்டுமாப்பா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, வைத்தாலும் அது அங்கேயே உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். தவிர, அம்மா வேலை பார்க்கிற மருந்துக் கடையில் இருமல் மருந்து விளம்பரத் தாள்கள் கட்டுக்கட்டாக மிச்சப்பட்டு, தூக்கிப் போடுவதாக இருந்தார்கள். ஒரு பக்கம் சுத்த வெள்ளை. எனக்கு மனசு கேட்கவில்லை, எடுத்து வரச் சொல்லிவிட்டேன். இந்தத் தாளைத் திருப்பினால் ஒருத்தர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுவார், அவரைக் கண்டுகொள்ளாதே. ஸ்டேப்ளரம்மா எப்படி இருக்கிறார். பேசும்போது வாய் டக்கென்று மூடிக்கொள்ளும் என்று உன் மேனேஜருக்கு நீ வைத்த பெயரைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்த காலம் போய், இப்போது அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

எங்கள் கம்பெனி விஷயம் உனக்குப் பாதி தெரியும். புதுக் கட்டடம் எழும்பினால்தானே புது லிஃப்ட். ஊரில் கட்டடங்கள் எல்லாம் பாதியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கின்றன, கட்ட ஆரம்பித்தவர்களும் கம்பி நீட்டிவிட்டார்கள். பழைய லிஃப்ட்டுகளுக்கு எண்ணெய் போடுகிற வேலை மட்டும் மிச்சம், அதற்குப் பாதி வாரம் போதும், பாதிச் சம்பளமும் போதும் என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அதைச் சொன்ன அன்று நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்து, என்ன, லிஃப்ட்டுல யாராவது மாட்டிக்கிட்டாங்களா என்று கேட்டாள். நாமதான் என்றேன். அவள் சிரித்துவிட்டாள், நானும் சிரித்துவிட்டேன், அந்த நிமிஷத்திலிருந்து நம் வீட்டில் எதற்கும் அழுவதில்லை என்று ஒரு தீர்மானம் சொல்லாமலேயே நிறைவேறிவிட்டது. சிக்கன மந்திரியாக என்னை நானே நியமித்துக்கொண்டேன். அம்மா எதிர்க்கட்சி.

முதல் கூட்டத்திலேயே எதிர்க்கட்சி என் சாயங்கால டீக்கடையை ஒழித்துவிட்டது. சிக்கனம் முதல்ல உங்க வாயிலேர்ந்து ஆரம்பிக்கட்டும் என்று ஒரே வரி. பதிலுக்கு நான் பற்பசைக் குழாயின் வயிற்றைக் கத்தரிக்கோலால் கிழித்து, உள்ளே ஒளிந்திருந்ததை எல்லாம் வெளியே கொண்டுவந்தேன். தேய்ந்த சோப்புச் சில்லுகளை ஒரு பழைய காலுறைக்குள் போட்டு முடிச்சுப் போட்டேன், இப்போது குளிக்கும்போது யாரோ என்னைக் காலால் தேய்ப்பது போல இருக்கிறது, ஆனால் நுரை குறையில்லை. மாடி வீட்டு போஸ்ட்மாஸ்டர் சாரும் நாமும் சேர்ந்து ஒரே பேப்பர். ரிட்டயர் ஆனவர் என்பதால் காலையில் அவருக்கு, சாயங்காலம் நமக்கு. குறுக்கெழுத்தை அவர் முன்னாலேயே தப்புத் தப்பாக நிரப்பிக் கொடுத்துவிடுகிறார், அதைத் திருத்துவதே எனக்குப் பொழுதுபோக்கு. முடி வெட்டுவதும் வீட்டிலேயே. அம்மாவுக்கு வார விடுமுறை புதன்கிழமை, அன்று காலையில் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து இடது பக்கத்தை வெகு அழகாக வெட்டினாள். வலது பக்கத்தில் கை வைக்கும்போது நீ போன் செய்தாய். ஒரு கையில் போன், ஒரு கையில் கத்தரிக்கோல். நீங்கள் இருவரும் பேசி முடித்தபோது என் வலது காதுக்கு மேலே ஒரு விமானம் இறங்கலாம் போல இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் சூப்பர்வைசர், பாதிச் சம்பளத்துக்குப் பாதி முடியா என்று கேட்டார்.

இனி குண்டான் கதைக்கு வருகிறேன், இதற்காகத்தான் இந்தக் கடிதமே. குக்கரின் ரப்பர் வளையம் தளர்ந்துபோய் ஆவி எல்லாம் பக்கவாட்டில் போக ஆரம்பித்தது. புது வளையம் வாங்கலாம் என்றாள் அம்மா, மந்திரி அனுமதிக்கவில்லை. வெறும் குண்டானில் கொண்டைக்கடலையை வேகவைத்தால் காஸ் தீர்ந்துவிடும் என்றாள், அதுவும் நியாயம். அப்போதுதான் எனக்கு லிஃப்ட் கம்பெனிக் கம்பளம் ஞாபகம் வந்தது. லிஃப்ட்டுக்குள் மாட்டுகிற கண்ணாடிகள் உடையாமல் வருவதற்காகச் சுற்றிய தடித்த கம்பளத் துண்டுகள் எங்கள் கொட்டகையில் கேட்பாரற்றுக் கிடந்தன, கேட்டேன், எடுத்துக்கோ என்றார்கள். கடலையைக் கொஞ்ச நேரம் மட்டும் தளதளவென்று கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, மூடி திறக்காமல் குண்டானோடு அந்தக் கம்பளத்தில் சுற்றி வைத்துவிட்டால் உள்ளே இருக்கிற சூட்டிலேயே அது மெதுவாக வெந்துகொண்டிருக்கும். தீ இல்லை, செலவு இல்லை, நாம் பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். முதல் நாள் கடலை கூழாங்கல்லாகவே இருந்தது. அம்மா ஒன்றை எடுத்துத் தட்டில் போட்டாள், டங்கென்று சத்தம் வந்தது, அந்தச் சத்தத்துக்கு நான் காஸ் கட்டணமே கட்டியிருக்கலாம். சமையலறையில் காற்று வருகிறது, அதனால்தான் ஆறிவிடுகிறது என்று கண்டுபிடித்தேன். காற்று வராத, வெயில் விழுகிற, யாரும் நடமாடாத இடம் நம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், உன் அறை. குண்டானைச் சுற்றி உன் கட்டிலில் வைத்து, முட்டுக்கொடுக்க நீளத் தலையணையை அணைத்து, மேலே உன் பூப்போட்ட போர்வையைப் போர்த்தினேன். மூடியின் குமிழ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சூட்டை விட்டது. அலமாரியில் உன் ஊதாக் கம்பளித் தொப்பி இருந்தது, அதைக் குமிழோடு சேர்த்து மூடிக்கு மாட்டினேன். கச்சிதம். அன்று கடலை வெண்ணெய் போல வெந்திருந்தது, அம்மா இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள், எதிர்க்கட்சி மேஜையைத் தட்டியது.

அதற்குப் பிறகு தினமும் இதேதான். நான் வேலைக்குப் போகிற நாளில் அம்மா போர்த்துவாள், அவள் முன்னால் கிளம்புகிற நாளில் நான். தெருவில் இறங்கிய பிறகு அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும், கீழே நின்று நிமிர்ந்து பார்த்து, போர்த்திட்டீங்களா, ஜன்னலைச் சாத்துங்க, காத்து படக்கூடாது என்று குரல் கொடுப்பாள். நானும் மேலிருந்து, எல்லாம் போர்த்தியாச்சு, நீ நிம்மதியாப் போ என்பேன். எதிர்க் கட்டடத்தில் நம் மாடிக்கு நேராக டைப்பிஸ்ட் அக்கா இருக்கிறார் என்பதும், அவர் சொல்கிற எந்தச் செய்தியும் நாலு கார்பன் காப்பியோடுதான் வெளியே போகும் என்பதும் எங்கள் இருவருக்குமே நினைவில் இல்லை. நம் ஜன்னல் சாத்தியிருந்தாலும் கண்ணாடிதானே, அவர் ஜன்னலிலிருந்து பார்த்தால் உன் கட்டில் தெரியும். கட்டிலில் ஒரு போர்வை, போர்வைக்குள் ஒரு மேடு, மேட்டின் ஓரத்தில் உன் ஊதாத் தொப்பி. காலையில் பார்த்தாலும் அப்படியே, மத்தியானம் பார்த்தாலும் அப்படியே. யோசித்துப் பார்.

கொஞ்ச நாளில் தெரு எங்களிடம் விசித்திரமாக நடக்க ஆரம்பித்தது. மளிகைக் கடைக்காரர் நான் கேட்காமலேயே ஒரு ரொட்டிப் பாக்கெட்டைப் பையில் போட்டு, வச்சுக்கங்க சார், உடம்பு தேறணும்ல என்றார். நான் குனிந்து என் உடம்பைப் பார்த்தேன், அது ஏற்கெனவே தேறித்தான் இருந்தது. மருந்துக் கடை முதலாளி அம்மாவைக் கூப்பிட்டு ஒரு சத்து டானிக் பாட்டிலைக் கையில் கொடுத்து, லீவு வேணும்னா கூச்சப்படாம கேளுங்கம்மா என்றாராம். போஸ்ட்மாஸ்டர் சார் பேப்பரைச் சாயங்காலம் வரை வைத்துக்கொள்ளாமல் காலையிலேயே கொடுத்தார், குறுக்கெழுத்து காலியாக இருந்தது, வேலைவாய்ப்புப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையால் வட்டங்கள். எல்லாம் கணக்கெழுதுகிற வேலை. எனக்கு வந்ததே கோபம். பாதிச் சம்பளம் என்று தெரிந்துகொண்டு என்மேல் எல்லோரும் பரிதாபப்படுகிறார்கள், ஆயுசு முழுக்க ஸ்பானர் பிடித்த கையை இந்த வயதில் கணக்கெழுதச் சொல்கிறார் என்று நினைத்து, பழிவாங்குவதற்காகக் குறுக்கெழுத்து முழுவதையும் பேனாவால் நிரப்பித் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, என் தோளைத் தட்டிக் கொடுத்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் டைப்பிஸ்ட் அக்கா, கையில் ஆரஞ்சுப் பழப் பை, பின்னால் போஸ்ட்மாஸ்டர் சார். அக்கா குரலைத் தாழ்த்தி, நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம் சார், சும்மா ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடறோம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை, என் கண்டுபிடிப்பின் புகழ் தெருவைத் தாண்டிவிட்டது, நேரில் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று பூரித்துப்போனேன். வாங்க வாங்க, காலையிலேயே போர்த்தி வச்சிட்டேன், மத்தியானம் வரைக்கும் தொடக்கூடாது, நடுவுல தொறந்தா எல்லாம் வீணாப் போயிடும் என்று ஒரு விஞ்ஞானி போல விளக்கினேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் உன் அறைக்குள் போனார்கள், நானும் பின்னாலேயே நுனிக்காலில் போனேன், ஏன் என்று கேட்காதே, அவர்கள் நடந்த நடைக்கு அப்படித்தான் நடக்கத் தோன்றியது. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தொப்பியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். கண்ணு, திரும்ப வேண்டாம், அப்படியே படுத்திரு, வேலை போனா போகுது, எனக்கும் ஒரு தடவை போச்சு, கம்ப்யூட்டர் வந்தப்ப, வெளிய தலைகாட்ட வெக்கப்பட்டுக்கிட்டு ரொம்ப நாள் வீட்டுக்குள்ளயே கெடந்தேன், கடைசில பாத்தா யாரும் என்னை ஒண்ணும் சொல்லல, நான்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன், நம்ம தெருதானே, வா, வந்து நில்லு என்றார். போஸ்ட்மாஸ்டர் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பாப்பா, நான் பேப்பர்ல நல்ல இடமாக் குறிச்சு வச்சிருக்கேன், அவசரம் ஒண்ணும் இல்ல, முதல்ல நல்லாச் சாப்பிடு என்றார். நான் கதவோரம் நின்றுகொண்டு, இவர்கள் ஏன் என் கொண்டைக்கடலைக்கு ஆறுதல் சொல்கிறார்கள் என்று வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பாசமாகக் கையை நீட்டித் தொப்பியைத் தடவினார். அவ்வளவுதான். ஐயையோ, உடம்பு கொதிக்குதே, டாக்டரைக் கூப்பிடுங்க என்று எழுந்துவிட்டார். கொதிக்கலைக்கா, கொதிச்சு முடிஞ்சாச்சு, இப்ப வேகுது என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எப்படி எழுதுவது. பெற்ற மகளை வேகவைக்கிற தகப்பனைப் பார்க்கிற பார்வை அது. நல்லவேளையாக அம்மா கடையிலிருந்து அப்போதுதான் வந்தாள், அறைக்குள் கூட்டத்தைப் பார்த்தாள், என்ன ஏது என்று கேட்காமல் நேராகப் போய்ப் போர்வையை விலக்கித் தொப்பியைக் கழற்றி மூடியைத் திறந்தாள். குப்பென்று ஆவி எழுந்தது, பின்னாலேயே வாசனை. பிறகு போஸ்ட்மாஸ்டர் சார் எட்டிப் பார்த்து, நான் இதுக்கா அட்வைஸ் பண்ணேன் என்று கேட்டார். அவ்வளவுதான், அக்கா கட்டிலிலேயே சரிந்துவிட்டார், சார் தரையில் உட்கார்ந்துவிட்டார், அம்மா மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து சிரிக்கிறாள், நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விலாவில் பிடித்துக்கொண்டது. ஒருவர் ஓய்ந்தால் இன்னொருவர், உடம்பு தேறணும்ல என்று ஆரம்பித்துவிடுவார். கடைசியில் நாலு பேரும் உன் அறையிலேயே தட்டு வைத்துக்கொண்டு குண்டானைக் காலி செய்தோம். இத்தனை நாள் தெரு உன்னைப் பற்றி என்னென்ன பேசியது என்பதை எல்லாம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்கள். வேலை போய்த் திரும்பி வந்துவிட்டாய் என்று ஒரு கட்சி, நீயே உதறிவிட்டு வந்தாய் என்று ஒரு கட்சி, உடம்பு சரியில்லை என்று மளிகைக் கடைக்காரர் கட்சி. எல்லாக் கட்சியும் சேர்ந்து எடுத்த முடிவு, அவளை யாரும் ஒண்ணும் கேட்கக்கூடாது என்பதுதான். கிளம்பும்போது அக்கா வாசலில் நின்று, அப்ப அவ வரலையா என்று ஒரு தடவை கேட்டார். இல்லக்கா என்றேன். பழப் பையைத் திரும்ப எடுத்துப் போக அவருக்கு மனசு வரவில்லை, மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு அம்மா உன் கட்டிலில் குண்டான் இருந்த சூடான இடத்தில் உட்கார்ந்தாள். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்படியே சிரிப்பு நின்றது. தெருவுக்கே தோணினது நமக்கு ஏங்க தோணல என்றாள். என்ன தோணல என்றேன், ஆனால் கேட்கும்போதே எனக்கும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. என் முடியை வெட்டிய புதன்கிழமைக் காலையில் நீ ஆபீஸில் அல்லவா இருந்திருக்க வேண்டும், அங்கேயும் அது வேலை நேரம்தானே, ஆற அமரப் பேசினாயே. ஒரு தடவை சமைத்ததைக் கெடாமல் எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம் என்று அம்மாவிடம் கேட்டாயாம், உனக்கு முந்தின நாள் சாப்பாடு என்றாலே ஆகாது. எல்லாவற்றுக்கும் மேல், ஸ்டேப்ளரம்மாவை நீ திட்டி மாதக்கணக்கில் ஆகிறது. ஒன்று அவர் திருந்தியிருக்க வேண்டும், இல்லை என்றால் நீ அவரைப் பார்ப்பதே இல்லை என்று இருக்க வேண்டும். அவர் திருந்தமாட்டார் என்று அம்மா அடித்துச் சொல்கிறாள்.

மிளகு, நாங்கள் உன்னைக் கேள்வி கேட்கவில்லை, நீ பதில் எழுதவும் வேண்டாம். எங்கள் கணக்கு தப்பாக இருந்தால் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு, கொதிக்குதே வரைக்கும் படித்துச் சிரித்துக்கொள். கணக்கு சரியாக இருந்தால் ஒன்று மட்டும் தெரிந்துகொள். போகிற அன்று படியிறங்கும்போது, திரும்பி வந்து உங்களுக்கு லிஃப்ட் வைத்த வீடு வாங்கித் தருவேன் என்றாய். அது இல்லாமல் எப்படிப் போய் நிற்பது என்று அங்கே உட்கார்ந்து யோசிக்கிறாயோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆயுசு பூராவும் லிஃப்ட்டுக்குள் நின்றவன் நான், வீட்டுக்கு வந்தால் படி ஏறுவதுதான் எனக்கு மாறுதல், அந்த ஆசையே எனக்குக் கிடையாது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயமாக இருந்தால், அவர்கள் சொல்ல வேண்டியதை எல்லாம் குண்டானிடமே சொல்லித் தீர்த்துவிட்டார்கள், உனக்கு மிச்சம் எதுவும் இல்லை. நீ வந்து இறங்கினால் இந்தத் தெருவில் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள், ஒரு தடவை வந்துவிட்டுப் போனவளைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள். அங்கேயே இருந்து வேறு வேலை தேடுகிறாய் என்றாலும் சரி, அதற்கும் எங்கள் ஓட்டு உண்டு, ஆனால் அரை வயிற்றோடு தேடாதே. எங்களுக்குப் பணம் அனுப்புவதை இன்றோடு நிறுத்து, இது மந்திரி உத்தரவு, எதிர்க்கட்சியும் ஆதரித்து ஏகமனதாக நிறைவேறிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். காலையில் வெறும் வயிற்றோடு வெளியே போகாதே. உன் தொப்பியில் கடலை வாசனை ஏறிவிட்டது, அம்மா துவைத்துக் காய வைத்திருக்கிறாள், புதுசு எதுவும் வாங்காதே. எங்கள் இருவருடைய ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு, நீ தொட்டது துலங்கும், துலங்காவிட்டாலும் நீ எங்கள் பெண்தான். தாள் முடிகிறது, இதற்கு மேல் எழுதினால் இருமுகிறவர் பக்கம் போக வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ வந்தால் செலவு கூடும் என்று கணக்குப் போடுவாய், கணக்குப் பிரிவுக்காரி அல்லவா. இது குண்டான் கணக்கு, வேறு மாதிரி. குண்டான் நிறைய இருந்தால்தான் சூடு நிற்கும், குறைவாக இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும். இரண்டு பேருக்கு மட்டும் வைத்துப் பார்த்துவிட்டோம், வேகவே இல்லை. மூன்று பேருக்கு வைத்தால்தான் சரியாக வேகிறது. அதனால் தினமும் மூன்று பேருக்குத்தான் வைக்கிறோம், உன் பங்கு இப்போதைக்கு டைப்பிஸ்ட் அக்கா வீட்டுக்குப் போகிறது. நீ வந்தால் நஷ்டம் அவருக்கு மட்டும்தான், அதற்கு அவர் இப்போதே சம்மதம் சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
வலது காதுக்கு மேலே முடி வளர்ந்துகொண்டிருக்கும்
உன் அப்பா